எழுபத்தோராவது ஓட்டு

—முன்வாசல் தொறந்துதானே கெடக்கு, ஏன் பின்பக்கமா வந்த ஜரினா?

—மொதல்ல அதச் சாத்துங்க மதாம். தாப்பாளும் போடுங்க. சன்னலு வேற தொறந்திருக்கு.

—மணி எட்டுகூட ஆவல. சாத்தினா உள்ள வெந்துடுவோம். என்ன ஆச்சு, ஏன் இப்டி மூச்சு வாங்குது ஒனக்கு?

—எங்க தையல் கடை வாசல்ல பத்துப் பன்னெண்டு பேரு நிக்கிறாங்க. ஜரினா எங்கன்னு கேட்டு எங்க வூட்டுக்காரர மடக்கி வெச்சிருக்காங்க. நான் மிஷின் ரூம்பு வழியா பின்சந்துல எறங்கி ஓடியாந்துட்டேன்.

—யாரு, கோவிந்தசாமி ஆளுங்களா?

—இல்ல மதாம். நம்ம ஆளுங்க. ஆதிமூலம் அண்ணன்தான் முன்னால நிக்கிறாரு.

—நம்ம ஆளுங்களுக்குப் பயந்தா ஓடியாந்த?

—தோத்துட்டோம் மதாம்.

—தையல்நாயகி தோத்துட்டாளா?

—ஒரே ஒரு ஓட்டுல. கோவிந்தசாமிக்கு எழுபத்தொண்ணு. தையலுக்கு எழுபது.

—மொன் தியே, கடவுளே. ஒரு ஓட்டா. உக்காரு. இந்தா, தண்ணியக் குடி. கதவச் சாத்தித் தாப்பாளும் போட்டாச்சு, பயப்படாத. பொறு, உள்ள அமாந்தின் அக்கா முனகுறா மாதிரி இருக்கு. இல்ல, தூங்குறா. நாலு வருஷமா படுத்த படுக்கை, ஆனா யாராவது கொரல் ஒசத்தினா மட்டும் முழிச்சிக்கிட்டு அழுவுறா. மெதுவா பேசு. ஆரம்பத்துலேர்ந்து சொல்லு.

—ஜுரம்னு சொல்லி அனுப்பியிருந்தீங்களே, இப்ப எப்டி...

—ஜுரத்த வுடு. கூட்டத்தச் சொல்லு.

—அது வந்து மதாம், மூணு மணிக்கெல்லாம் கல்யாண மண்டபத்துல கூடிட்டோம். வார்டுல கட்சிக் கார்டு வெச்சிருக்கிற நூத்தி நாப்பத்தோரு பேரும் வந்துட்டாங்க. கால் ஒடஞ்ச பால்காரரக்கூட சேர்ல வெச்சுத் தூக்கியாந்தாங்க. முப்பத்தெட்டு வருஷம் கழிச்சு முனிசிபல் எலெக்‌ஷன் வருது, யாரு நிக்கணும்னு நீங்களே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணுங்கன்னு கட்சியே சொல்லுதுன்னா யாருதான் வூட்ல இருப்பாங்க. நான் பெருநாளுக்கு எடுத்த பொடவையக் கட்டிக்கிட்டுப் போனேன்.

—தையல் எப்டி இருந்தா?

—இட்லிக் கடைய மூடிட்டு, தலயக்கூட சரியா வாராம நேரா வந்துட்டா. மாவு கையில ஒட்டியிருந்துச்சு, நான்தான் தொடச்சு வுட்டேன். மேடையில பொண்ணு மாப்புள உக்கார்ற சேர்ல அரிகிருஷ்ணன் உக்காந்திருந்தாரு. கட்சி மேலிடம் அனுப்பிச்ச ஆளு, இவரு ஒருத்தரு பாத்தா எல்லாம் ஒழுங்கா நடக்கும்னு நெனச்சோமே, அவரேதான். கோவிந்தசாமிக்காவப் பேச மெட்ராஸ்லேர்ந்து சினிமா நடிகர் வந்துக்கிட்டு இருக்காரு, அவரு வர்ற வரைக்கும் ஆரம்பிக்க வேணாம்னுட்டாரு.

—வந்தாரா?

—நாலே காலுக்கு வந்தாரு. அவரு பின்னாடியே ரோட்ல நின்ன கும்பல் மொத்தமும் உள்ள பூந்துடுச்சு. கதவுக் கண்ணாடி ஒடஞ்சு ஒரு அம்மாவுக்குக் கையக் கிழிச்சிடுச்சு. மெம்பருங்க உக்காந்திருந்த சேருங்க மேல ஏறி நின்னு போட்டோ எடுக்கிறானுங்க. நம்ம ஓட்டுப் போடற கூட்டத்துல நமக்கே நிக்க எடம் இல்ல. அவரு மைக்கப் புடிச்சு, முத்தியால்பேட்டை மக்களேன்னாரு.

—முதலியார்பேட்டையில நின்னுக்கிட்டா?

—யாரோ காதுல சொன்னாங்க. சிரிச்சிக்கிட்டே திருத்திக்கிட்டாரு. அதுக்கும் கை தட்டினாங்க. நானும் தட்டினேன் மதாம், உங்க கிட்ட ஏன் பொய் சொல்லணும். அவரு படம் எல்லாம் பாத்திருக்கேனே. கோவிந்தசாமி தனக்குக் கூடப் பொறக்காத தம்பின்னாரு. பதினஞ்சு நிமிஷம் பேசினாரு, அதுல தையல் பேரு ஒரு தரம்கூட வரல. எதுத்து நிக்கிறது யாருன்னே அவருக்குத் தெரியுமோ என்னமோ.

—இதத்தானே நான் சொன்னேன். ஒரு வார்டு ஆளுங்க தங்களுக்குள்ள ஒருத்தரத் தேர்ந்தெடுக்கிற எடத்துல மெட்ராஸ்லேர்ந்து வர்றவருக்கு என்ன வேல. குழாய்ல தண்ணி வரலன்னு எட்டு மாசம் ஆபீஸ் ஆபீஸா நடந்தவ அவ. மனுதான் நான் எழுதினேன், நடந்தது அவ. அது அந்த நடிகருக்குத் தெரியுமா? ஓட்டு இல்லாதவங்க யாரும் பேசக் கூடாதுன்னு எழுதிக் குடுத்தேன். நீகூடக் கையெழுத்துப் போட்ட.

—போட்டேன். அதப் படிச்சுட்டுத்தானே அரிகிருஷ்ணன் உங்களப் பாத்து அப்டிச் சொன்னாரு.

—அப்ப நீங்களும் வெளியாள்தானே மேடம், பிரெஞ்சு பாஸ்போர்ட்டு வெச்சிருக்கீங்க, கட்சிக் கார்டு இல்ல, ஓட்டும் இல்லன்னாரு. அந்த ராத்திரி முழுக்க எனக்குத் தூக்கம் வரல ஜரினா. அறுபத்தோரு வருஷமா இதே தெரு. பொறந்தது அக்கா படுத்திருக்காளே அந்த ரூம்புல. இந்த வார்டுல பாதிப் பேருக்கு எழுத்துச் சொல்லிக் குடுத்தவ நான். அறுபத்திரெண்டாம் வருஷம், இந்த ஊரு இந்தியாவோட சேந்தப்ப, பிரெஞ்சுக் குடியுரிமையே போதும்னு எங்கப்பா ஒரு காயிதத்துல கையெழுத்துப் போட்டாரு, நான் பிரெஞ்சுக்காரி ஆயிட்டேன். அக்கா அதுக்குள்ள கல்யாணம் ஆகிப் போயிட்டா, அவ இந்தியாக்காரி. ஒரே வயித்துல பொறந்தோம், அவளுக்கு ஓட்டு இருக்கு, எனக்கு இல்ல.

—அதனாலதான் ஒரு பக்கத்துக்கு ஒரு வெளியாள் பேசலாம்னு ஆதிமூலம் அண்ணன் ஒத்துக்கிட்டாரு. அவங்களுக்கு நடிகர், நமக்கு மதாம்னு.

—அன்னிக்கே மாட்டேன்னு சொல்லியிருக்கணும். வெளியாளே வேணாம்னு எழுதினவளே வெளியாளா போயி நிக்கலாமா? ஆனா எனக்கும் ஒரு வீம்பு. அவரு பேசட்டும், நானும் பேசறேன், வார்டு யாரு பேச்சக் கேக்குதுன்னு பாத்துடலாம்னு. பியேன், சரி, என் பேரக் கூப்ட்டாங்களா?

—ரெண்டு தரம் கூப்ட்டாங்க. தையல்தான் எழுந்து, மதாமுக்கு ஜுரம், வரலன்னா. அந்தப் பக்கம் சிரிச்சாங்க. அவ ஒக்காந்துட்டா.

—அப்புறம்?

—நடிகர் போயிட்டாரு, கும்பலும் அவரு காருக்குப் பின்னால ஓடிடுச்சு. ஆனா அவரோட வந்தவங்க போவல. கறுப்புச் சட்ட போட்டுக்கிட்டு பத்துப் பேரு, செவுத்த ஒட்டிக் கையக் கட்டிக்கிட்டு நின்னுட்டாங்க. ஓட்டுப் போடறப்ப வெளியாளுங்க இருக்கக் கூடாதேன்னு ஆதிமூலம் அண்ணன் கேட்டாரு. மெம்பருங்க பாதுகாப்புக்குத்தான்னு மேடையிலேர்ந்து பதில் வந்துச்சு. யாரு கிட்டேர்ந்து பாதுகாப்புன்னு சொல்லல. அவங்க ஒண்ணும் பேசல மதாம். மொறைக்கக்கூட இல்ல. ஒவ்வொரு மூஞ்சியா பாத்துக்கிட்டு நின்னாங்க, மனப்பாடம் பண்றா மாதிரி. பொம்பளைங்க எல்லாம் முந்தானிய இழுத்துப் போத்திக்கிட்டாங்க.

—ஓட்டு ஆரம்பிச்சுதா?

—அதுக்கு முன்னாடி அரிகிருஷ்ணன் தையலக் கூப்ட்டு மணமகள் ரூம்புக்குள்ள வெச்சுப் பேசினாரு. பத்து நிமிஷம் இருக்கும். நான் கதவாண்ட நின்னேன், ஒண்ணும் கேக்கல. வெளிய வர்றப்ப மூஞ்சியக் கழுவிக்கிட்டு வந்தா.

—என்ன சொன்னாராம்?

—ஏதோ ரூல்ஸ் சொன்னாராம்.

—பத்து நிமிஷம் ரூல்ஸா?

—அது வந்து... ஓட்டச் சொல்றேன் மதாம். ஒரு மூலையில வேட்டியத் தெர மாதிரி கட்டியிருந்தாங்க. உள்ள ஒரு மேச, ஒரு பேனா. சீட்டுல ரெண்டு பேரும் அச்சடிச்சிருந்துச்சு, வேணுங்கிற பேருக்கு நேரா கோடு போட்டு மடிச்சு வெளிய இருக்கிற டப்பாவுல போடணும். நான் உள்ள போனேன். அவசரத்துல பேனா கீழ வுழுந்துடுச்சு. எடுக்கலாம்னு குனிஞ்சேன். வேட்டிக்கு அடியில, அந்தாண்டப் பக்கம், ரெண்டு பூட்ஸ் காலு தெரிஞ்சுது. ஒருத்தன் வேட்டிய ஒட்டினா மாதிரி நிக்கிறான். அவன் மூச்சு வுடறதுகூட எனக்குக் கேட்டுச்சு.

—அவன் பாத்தானா?

—தெரியாது. பாத்தானோ பாக்கலியோ, பாக்கிறான்னு நெனச்சிக்கிட்டேதான் எல்லாரும் போட்டோம். ஆனாலும் தையல் பேருக்கு நேராதான் கோடு போட்டேன். மடிச்சுக் கொண்டாந்து டப்பாவுல போடற வரைக்கும் ஒரு பெரிய மரக்கட்டயத் தூக்கிக்கிட்டு நடக்கறா மாதிரி இருந்துச்சு.

—எண்ணினது யாரு?

—அரிகிருஷ்ணனே ஒவ்வொரு சீட்டாப் பிரிச்சு எல்லாருக்கும் காட்டிப் படிச்சாரு. அதுல தில்லுமுல்லு ஒண்ணும் இல்ல, ஆதிமூலம் அண்ணன் பக்கத்துலயே நின்னாரு. நமக்கு ரெண்டு, அவங்களுக்கு ஒண்ணு, அவங்களுக்கு மூணு, நமக்கு ரெண்டுன்னு மாறி மாறி வந்துச்சு. கடசிச் சீட்டுக்கு முன்னாடி எழுபதுக்கு எழுபது. கடசிச் சீட்டப் பிரிச்சாரு. கோவிந்தசாமின்னு படிச்சாரு.

—தையல் அழுதாளா?

—இல்ல. மாலைய எடுத்து கோவிந்தசாமி கையில குடுத்து, நல்லா செய்யுங்கண்ணேன்னா. அப்புறம் மண்டபத்துக்குப் பின்னாடி குழாயடிக்குப் போயி வாந்தி எடுத்தா. நான்தான் தலயப் புடிச்சிக்கிட்டேன். அவ தங்கச்சி ஆட்டோ கொண்டாந்து வீராம்பட்டினத்துக்கு அழைச்சிட்டுப் போயிட்டா. ரெண்டு நாளைக்கு இந்தப் பக்கம் வர மாட்டேன்னா.

—நான் வந்திருக்கணும் ஜரினா. நான் வந்து ரெண்டு வார்த்த பேசியிருந்தா அந்த ஒரு ஓட்டு இந்தப் பக்கம் வந்திருக்கும். ஒண்ணுதானே. ஒரே ஒரு ஆளு.

—இல்ல மதாம். அப்டி இல்ல.

—ஆறுதல் சொல்லாத.

—ஆறுதல் இல்ல. ஆதிமூலம் அண்ணன் ஒரு மாசமா வூடு வூடா போயி கணக்குப் போட்டு வெச்சிருந்தாரு. தையலையும் சேத்து நம்ம பக்கம் எழுபத்தோரு பேரு, அவங்க பக்கம் எழுபது. முந்தாநாள்கூட சரிபாத்தாரு. நடிகர் வந்தாரு, பேசினாரு, நம்ம ஆளுங்க அவரு கூட நின்னு போட்டோவும் எடுத்துக்கிட்டாங்க. ஆனா ஓட்ட மாத்தல. அத்தன பயத்துலயும் மாத்தல. ஒருத்தர் மட்டும் மாத்திட்டாங்க. அது யாருன்னு கண்டுபுடிக்கத்தான் கடை வாசல்ல நிக்கிறாங்க.

—அதுக்கு உன் கடை வாசல்ல ஏன் நிக்கணும்?

—போன வாரம் எல்லாரையும் கோயில்ல கூட்டி வெச்சு தையலுக்குத்தான் ஓட்டுன்னு சூடம் அடிச்சு சத்தியம் பண்ணச் சொன்னாரு. அடிச்சாங்க. நான் அடிக்கல மதாம். எங்கள்ல அது கெடையாதுண்ணே, அல்லா பேரால வாக்கு குடுக்கறேன்னு சொன்னேன். அன்னிக்கு சரின்னாரு. இன்னிக்கு மண்டபத்து வாசல்ல வெச்சு, சூடம் அடிக்காதவ ஒருத்திதான், மாறினதும் ஒரு ஓட்டுதான்னு சொல்றாரு. எங்க வூட்டுக்காரருக்கு மார்க்கெட்ல கடை போட எடம் தர்றேன்னு கோவிந்தசாமி சொன்னாராம், அதுக்காவ மாத்திப் போட்டேனாம். அவரு கோவிந்தசாமி கிட்ட பேசி மூணு வருஷம் ஆவுது. நாளைக்குக் காலையில கோயிலுக்கு வந்து எல்லாரு முன்னாடியும் சூடம் அடிக்கணுமாம், இல்லன்னா வார்டுல இருக்க முடியாதாம். கடையக் கொளுத்துங்கடான்னு பின்னாலேர்ந்து ஒரு சத்தம் வந்துச்சு. சொன்னது யாருன்னு தெரியல. தெனம் காலையில சலாம் வெக்கிற யாரோ ஒருத்தன்தான்.

—அலோர், ஜரினா. நான் ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காத. என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு. நீ போட்டது தையலுக்குத்தானே?

—நீங்களுமா மதாம்?

—பூட்ஸ் காலப் பாத்தேன்னு சொன்ன. அவன் மூச்சு கேட்டுச்சுன்னு சொன்ன. பயத்துல கோடு அந்தப் பக்கம் போயிருந்தா நான் தப்பு சொல்ல மாட்டேன். பயம் என்ன செய்யும்னு எனக்கு நல்லாத் தெரியும்.

—எங்க புள்ளைங்க மேல ஆணையா, அல்லா மேல ஆணையா, தையலுக்குத்தான் போட்டேன். எழுபதுல ஒண்ணு என்னுது.

—நம்பறேன். அழுவாத. அக்கா முழிச்சிக்குவா. நம்பறேன்னு சொல்றேன் இல்ல.

—ம்.

—ஆனா மாத்திப் போட்டது யாருன்னு ஒனக்குத் தெரியும்.

—கேக்காதீங்க மதாம்.

—தெரிஞ்சா ஏன் சொல்ல மாட்டேங்கிற? உன் கடைய எரிக்கிறேன்னு நிக்கிறாங்க, உன் புருஷனப் புடிச்சு வெச்சிருக்காங்க.

—குழாயடியில என் கையப் புடிச்சிக்கிட்டு வாக்கு வாங்கிக்கிட்டாங்க. உயிர் போனாலும் சொல்ல மாட்டேன்னேன். இவ்ளோ சீக்கிரம் இந்த நெலம வரும்னு நெனைக்கல.

—பியேன். நீ சொல்ல வேணாம். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. எனக்கு ஜுரமே இல்ல.

—தெரியும் மதாம். தொட்டப்பவே ஜில்லுனு இருந்துச்சு உங்க கையி.

—வியாழக்கெழம பதினோரு மணி இருக்கும், ஒருத்தரு வந்தாரு. வெள்ளச் சட்ட, கக்கத்துல ஃபைலு. பர்மிட் விஷயமா விசாரிக்கணும்னாரு. நான் இங்க தங்கறதுக்கு வருஷா வருஷம் புதுப்பிக்கிற பர்மிட்டு ஒண்ணு இருக்கு இல்ல, அது. பாஸ்போர்ட்டக் கேட்டாரு, குடுத்தேன். நம்பர எழுதிக்கிட்டாரு. உள்ள படுத்திருக்கிறது யாருன்னாரு, சொன்னேன். கூட வேற யாராவது இருக்காங்களான்னாரு. இல்ல, எம் புள்ள பிரான்சுல, வூட்டுக்காரரு போயி ஏழு வருஷம் ஆவுதுன்னேன். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரங்க இங்க கட்சி மேடையில பேசினா பர்மிட்ட ரத்து பண்ணி ஒரே நாள்ல ப்ளேன் ஏத்திடுவாங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமேன்னாரு. கொரல் ஒசத்தல. அப்டி ஆச்சுன்னா இந்த அம்மாவ யாரும்மா பாத்துக்குவாங்கன்னு கேட்டாரு. ரொம்ப அக்கறையா கேட்டாரு. தண்ணி வாங்கிக் குடிச்சுட்டு, டம்ளரக் கவுத்து வெச்சுட்டுப் போனாரு.

—யா அல்லா. இதத் தையல் கிட்ட சொல்லலியா நீங்க?

—சொல்லல. சொன்னா அவ பயந்துடுவா, வெலகிடுவா. ஜுரம்னு சொல்லிட்டு உள்ள உக்காந்துட்டேன். அந்த ஆளு போனதுலேர்ந்து அக்காவுக்குக் கஞ்சி ஊட்டறப்பகூட வாசல்லதான் கண்ணு. ஒரு ஜீப் சத்தம் கேட்டா வெளக்க அணைச்சிடறேன். அக்காவ பிரான்சுக்குக் கூட்டிட்டுப் போவ முடியாது, அவளுக்குப் பாஸ்போர்ட்டே கெடையாது. என்னத் தவுர யாரு கையாலயும் அவ சாப்புட மாட்டா. என்ன ஏத்தி அனுப்பிச்சுட்டா அவ பத்து நாள் தாங்க மாட்டா ஜரினா.

—அந்த ஆளு எப்டி இருந்தாரு மதாம்?

—அம்பது வயசு இருக்கும். மீச இல்ல. எடது காதுல பஞ்சு வெச்சிருந்தாரு, காது வலி போல.

—பஞ்சா?

—ஆமா. ஏன்?

—மதாம், நடிகர் கார்லேர்ந்து எறங்கறப்ப வெயில்ல குடை புடிச்சிக்கிட்டு வந்தாரு ஒருத்தரு. எடது காதுல பஞ்சு. மீச இல்ல. கூட்டம் முடியற வரைக்கும் கோவிந்தசாமி பக்கத்துலதான் நின்னாரு. ஜூஸ் டம்ளரு வாங்கிக் குடுத்துக்கிட்டு இருந்தாரு.

—நல்லா பாத்தியா?

—எனக்கு ரெண்டு கை தூரம்.

—அப்ப அவன் எந்த ஆபீசுலேர்ந்தும் வரல.

—குடை புடிக்கிற ஆளு மதாம்.

—குடை புடிக்கிறவனுக்குப் பாஸ்போர்ட்ட எடுத்துக் குடுத்தேன். உக்காருங்க சார்னு ஃபேனப் போட்டேன். நாலு நாளா ஒரு குடைக்காரனுக்குப் பயந்துக்கிட்டு வூட்டுக்குள்ளயே உக்காந்திருந்தேன். எங்க என் செருப்பு?

—எங்க போறீங்க?

—உன் கடைக்கு. ஆதிமூலத்து கிட்ட. நான் வராததுக்குக் காரணம் இதுன்னு எல்லாரு முன்னாடியும் சொல்றேன். மெரட்டி நடத்தின கூட்டம், இந்த ஓட்டு செல்லாதுன்னு மேலிடத்துக்கு இன்னிக்கே எழுதறேன். திரும்ப ஓட்டு நடக்கட்டும். இந்தத் தடவ நானே வந்து பேசறேன். உன் மேல இருக்கிற பழியும் போயிடும்.

—வேணாம் மதாம். போவாதீங்க.

—கைய வுடு ஜரினா.

—மதாம். மதாம், நான் ஆதிமூலம். ஜரினா இங்க வந்துச்சா?

—வாசல்ல நிக்கிறாரு. என்னக் காட்டிக் குடுத்துடாதீங்க மதாம்.

—சும்மா இரு. நான் பேசறேன். என்ன ஆதிமூலம், வூட்ல நோயாளி படுத்திருக்கிறது தெரியாதா?

—மன்னிச்சிக்கங்க மதாம். அதுகிட்ட ஒரே ஒரு வார்த்த கேக்கணும். கேட்டுட்டுப் போயிடுவோம்.

—ஒரு வார்த்த கேக்க எத்தன பேரு வந்திருக்கீங்க?

—ஒரு இருவது பேரு இருப்போம் மதாம்.

—அங்கயே இரு. நான் வெளிய வந்து உங்க எல்லாருக்கும் ஒண்ணு சொல்லணும்.

—இருக்கோம் மதாம்.

—கேட்டியா? இருக்கட்டும். இப்பவே கதவத் தொறந்து சொல்லிடறேன். அந்தப் பக்கம் நகரு.

—நகர மாட்டேன். நீங்க வெளிய போயி வாயத் தொறந்தா எல்லாம் வீணாப் போயிடும்.

—என்ன வீணாப் போயிடும்? தோத்தாச்சு. இனிமே வீணாப் போறதுக்கு என்ன இருக்கு?

—மெதுவா பேசுங்க, கதவாண்டயே நிக்கிறாங்க. மணமகள் ரூம்புல அரிகிருஷ்ணன் சொன்னது ரூல்ஸ் இல்ல மதாம். ஒரு காயிதத்தக் காட்டியிருக்காரு. டில்லிக்குன்னு போட்டு, டைப் அடிச்சு, கவருகூட ஒட்டி வெச்சிருந்தாராம். பிரெஞ்சுக்காரி ஒருத்தி கட்சிக்குள்ள பூந்து ஆள நிறுத்தறா, ஊர விட்டு அனுப்புங்கன்னு. உங்க பேரு, பாஸ்போர்ட் நம்பரு, வூட்டு நம்பரு எல்லாம் அதுல இருந்துச்சாம்.

—நம்பர் எப்டிக் கெடச்சுதுன்னு இப்பத் தெரியுது.

—நீ ஜெயிச்சா இது இன்னிக்கே தபால்ல போகும், தோத்தா கிழிச்சுப் போட்டுடறேன்னாராம். வெலகிடறேன்னு கெஞ்சியிருக்கா. அது கூடாது, வெலகினா மெரட்டினோம்னு பேச்சு வரும், நின்னு தோத்துப் போன்னாராம்.

—கிழிச்சானா?

—தெரியல மதாம். எண்ணி முடிச்சதும் பாக்கெட்டத் தட்டிக் காட்டினாராம், அவ்ளோதான். நீங்க இப்ப வெளிய போயி சத்தம் போட்டா அந்தக் காயிதம் காலையிலயே போயிடும். அமாந்தின் அக்காவ நெனச்சுப் பாருங்க.

—அவன் தோத்துப் போன்னு சொன்னா தோத்துட முடியுமா? எழுபது பேரு அவளுக்குப் போட்டிருக்காங்களே. மாத்தினது யாரோ ஒருத்தர்தானே?

—மதாம், உங்களுக்குப் புரியலியா. எழுபது பேரும் சொன்னா மாதிரிதான் போட்டோம். வேட்டிக்குப் பின்னால போயி, தன் பேர வுட்டுட்டு கோவிந்தசாமி பேருக்கு நேரா கோடு போட்டுட்டு வந்தது தையல்நாயகி.